ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்

தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்தால் டிரை ஐஸ் புகை மேசையெங்கும் வழிகிறது. கையுறை போட்ட கை உள்ளே துழாவி, சுண்டுவிரலின் முதல் கணு அளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுக்கிறது. அடியில் உறைந்துபோன ஒரு துளி. லேபிளில் நான்கு செய்திகள்: மனித சிஇடிபி, மறுசேர்க்கை முறையில் தயாரித்தது, அளவு 10 மைக்ரோகிராம், ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்.

இது மனிதப் புரதம். ஆனால் எந்த மனிதரின் உடலிலிருந்தும் எடுத்ததில்லை. சீன ஹாம்ஸ்டர் என்னும் எலியின் சினைப்பையிலிருந்து வந்த செல்களின் வம்சம் இதைச் செய்து தந்தது. 10 மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் சுமார் 80 லட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு ஆய்வகம் சில நாட்கள் வேலை பார்க்க அது தாராளம்.

சிஇடிபி என்பது கொலஸ்டிரைல் எஸ்டர் டிரான்ஸ்ஃபர் புரோட்டீன் என்பதன் சுருக்கம். கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் கொழுப்பை லைப்போபுரோட்டீன் என்னும் நுண்துகள்களில் பொதிந்தே உடல் ஊரெல்லாம் அனுப்புகிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 'நல்ல கொழுப்பு', 'கெட்ட கொழுப்பு' என்று பார்க்கிறோமே, அந்த ஹெச்டிஎல்லும் எல்டிஎல்லும் இந்தத் துகள்கள்தாம். சிஇடிபி இவற்றுக்கிடையே பண்டமாற்று செய்கிறது. ஹெச்டிஎல்லிலிருந்து கொலஸ்டிரால் எஸ்டரை எடுத்து எல்டிஎல், விஎல்டிஎல் துகள்களுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து டிரைகிளிசரைடை வாங்கி ஹெச்டிஎல்லுக்குத் தருகிறது. இந்த வேலைக்கு உடலின் ஆற்றல் எதுவும் செலவாவதில்லை. விளைவு மட்டும் பெரிது: ஹெச்டிஎல் கணக்கில் கொலஸ்டிரால் குறைகிறது, எல்டிஎல் கணக்கில் ஏறுகிறது.

இப்படி ஒரு மாற்று நடக்கிறது என்பது 1965லேயே தெரிந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் அலெக்சாண்டர் நிக்கல்ஸும் அவருடைய சகாவும் ரத்தச் சீரத்தை உடல் வெப்பத்தில் வைத்திருந்து பார்த்தபோது, துகள்களுக்கிடையே கொலஸ்டிரால் எஸ்டரும் டிரைகிளிசரைடும் இடம் மாறியிருந்தன. மாற்றிவைப்பது யார்? 1975இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் சில்வர்ஸ்மிட் குழு முயல் ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து லைப்போபுரோட்டீன்கள் எல்லாவற்றையும் நீக்கியது. மிஞ்சிய திரவத்தைச் சேர்த்தபோது துகள்களுக்கிடையேயான பரிமாற்றம் வேகம் பிடித்தது. கொழுப்பை நீக்கிய பிறகும் அந்தத் திரவத்தில் வேலை செய்யும் ஏதோ ஒன்று இருக்கிறது, அது ஒரு புரதம் என்பது தெளிவாயிற்று.

இருப்பது தெரிந்துவிட்டது. கையில் பிடிப்பதுதான் பெரும்பாடு. மனிதப் பிளாஸ்மா ஒரு லிட்டரில் மொத்தப் புரதம் ஏறக்குறைய 70 கிராம். அதில் சிஇடிபி இரண்டு மில்லிகிராம் தேறினால் அதிகம். அதாவது 35,000 பங்கு புரதத்தில் ஒரு பங்கைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை கொண்ட அது கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் மற்றப் புரதங்களிலும் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் காணாமல் போகும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் டால் குழு 1987இல் இதைச் சாதித்து, அந்தப் புரதத்தின் எடை சுமார் 74,000 டால்டன் என்று காட்டியது.

அதே ஆண்டு அடுத்த பாய்ச்சல். ஜெனன்டெக் நிறுவனத்தின் டென்னிஸ் டிரேனா, ரிச்சர்ட் லான் ஆகியோர் டால் குழுவோடு சேர்ந்து, பிரித்தெடுத்த புரதத்தின் ஒரு துண்டு அமினோ அமில வரிசையைப் படித்தார்கள். அந்த வரிசையைத் தரக்கூடிய டிஎன்ஏ எழுத்துகள் எவையாக இருக்கும் என்று ஊகித்து ஒரு தூண்டிலைச் செய்து, கல்லீரல் செல்களின் மரபுச் செய்தித் தொகுப்பில் போட்டுத் தேடினார்கள். முழு வரிசையும் சிக்கியது. முதிர்ந்த புரதத்தில் 476 அமினோ அமிலங்கள். அவற்றின் எடையைக் கூட்டினால் 53,000 டால்டன்தான் வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரை. புரதச் சங்கிலியில் நான்கு இடங்களில் செல் சர்க்கரைக் கிளைகளை ஒட்டிவிடுகிறது.

இந்தச் சர்க்கரைதான் குப்பியின் பிறப்பிடத்தைத் தீர்மானித்தது. இன்சுலின் போன்ற எளிய புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்துவிடலாம். ஈ.கோலைக்கு இவ்வகைச் சர்க்கரைக் கிளை ஒட்டத் தெரியாது. நீளமான, கொழுப்பை விரும்பும் புரதத்தைக் கொடுத்தால் சரியாக மடிக்காமல் கட்டியாக்கிவிடும் அபாயமும் உண்டு. பாலூட்டியின் செல் வேண்டும். சிஹெச்ஓ என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் சீன ஹாம்ஸ்டர் சினைப்பைச் செல்கள் இங்கேதான் வருகின்றன.

அந்தச் செல்களின் கதை சீன உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் ஆரம்பிக்கிறது. கருங்காய்ச்சல் ஆராய்ச்சிக்காகச் சீனாவில் அந்த எலிகளை வைத்திருந்தார்கள். 1948 டிசம்பரில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் பிரிக்ஸ் வாட்சன், பத்து ஆண், பத்துப் பெண் எலிகளை ஒரு பெட்டியில் அடைத்து நான்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்குக் கொண்டுபோய், விமானத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். நியூயார்க் மாநிலத்தில் விக்டர் ஷ்வென்ட்கர் அவற்றைப் பெருக்கினார். 1957இல் கொலராடோவில் தியோடர் பக் ஒரே ஒரு பெண் எலியின் சினைப்பைத் திசுவிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார். இன்று உலகெங்கும் குடுவைகளில் பெருகிக்கொண்டிருக்கும் சிஹெச்ஓ செல்கள் அந்த ஓர் எலியின் வாரிசுகள். 1980இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெயில் உர்லாப், லாரன்ஸ் சேசின் இருவரும் இந்தச் செல்களில் டிஹெச்எஃப்ஆர் என்னும் நொதி இல்லாத வகையை உருவாக்கினார்கள். அந்த நொதி இல்லாவிட்டால் சாதாரண ஊடகத்தில் செல் பிழைக்காது. நமக்கு வேண்டிய மரபணுவோடு டிஹெச்எஃப்ஆர் மரபணுவையும் சேர்த்துக் கொடுத்தால், பிழைத்துக் கிடப்பவை எல்லாம் பெரும்பாலும் நம் மரபணுவை ஏற்றுக்கொண்டவை. தேர்வு தானாக நடந்துவிடுகிறது.

நம் குப்பியின் சிஇடிபியும் இப்படித்தான் உருவானது. மனித மரபணு வரிசையைத் தாங்கிய வளைய டிஎன்ஏவைச் செல்லுக்குள் புகுத்துகிறார்கள். வரிசையின் முன்னால் 17 அமினோ அமிலங்களுக்கான ஒரு முகவரி ஒட்டும் இருக்கும். அது செல்லிடம் 'இதை வெளியே அனுப்பு' என்று சொல்லிவிட்டு வழியில் வெட்டுப்பட்டுவிடும். அதனால் செல்லை உடைக்க வேண்டியதில்லை. வளர்ப்பு ஊடகம் என்னும் இளஞ்சிவப்புத் திரவத்திலேயே புரதம் சேர்ந்துகொண்டிருக்கும். சில நாட்களில் குடுவையை எடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் செல்கள் அடியில் படியும். மேலிருக்கும் தெளிவுதான் சரக்கு.

அதைத் தூய்மையாக்க, புரதத்தின் வாலில் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை முன்கூட்டியே வரிசையில் எழுதி வைப்பது ஒரு வழக்கமான உபாயம். நிக்கல் ஏற்றிய பிசின் மணிகள் நிரம்பிய குழலில் திரவத்தை விட்டால், ஹிஸ்டிடின் வால் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை வழிந்து போகும். பிறகு இமிடசோல் கரைசலை விட்டால் பிடி தளர்ந்து புரதம் கீழே வரும். வால் வேண்டாம் என்பவர்கள் சிஇடிபியின் எண்ணெய்ப் பசையையே பயன்படுத்துகிறார்கள்: உப்பு அதிகமான கரைசலில் அது கொழுப்பை விரும்பும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், உப்பைக் குறைத்தால் விடுபடும். கடைசியில் ஜெல்லில் ஓட்டிச் சாயம் ஏற்றினால், 53,000க்கு மேலே, 70,000க்குப் பக்கத்தில் ஒரு கோடு தெரிய வேண்டும். அந்தக் கோடு கூர்மையாக இருக்காது, சற்றே அகன்று கலங்கித் தெரியும். மூலக்கூறுக்கு மூலக்கூறு சர்க்கரைக் கிளைகள் வேறுபடுவதுதான் காரணம். 341ஆம் இடத்தில் சிலவற்றில் சர்க்கரை இருக்கும், சிலவற்றில் இருக்காது.

தூய்மையாக்கியதும் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைக்கிறார்கள். மொத்தமாக ஒரே குப்பியில் வைத்து ஒவ்வொரு முறையும் உருக்கி உறைய விட்டால் புரதம் கெட்டு, வேலைத்திறன் இறங்கிக்கொண்டே போகும். மிகவும் நீர்த்துப் போனாலும் ஆபத்து. குப்பிச் சுவரிலேயே பாதி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கச் சில ஆய்வகங்கள் மாட்டுச் சீரத்தின் ஆல்புமினைக் கொஞ்சம் கலக்கின்றன.

அதன் வேலை நடக்கும் இடம் 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஐஸ் மேல் குப்பியை மெதுவாக உருக்கி, பிப்பெட்டால் சில மைக்ரோலிட்டர் எடுத்துக் குழிகளில் விடுகிறார்கள். உடன் இரண்டு வகைத் துகள்கள். ஒன்றுக்குள் ஒளிரும் சாயம் பூட்டிய கொலஸ்டிரால் எஸ்டர் நெருக்கமாக அடைந்திருக்கிறது. அத்தனை நெருக்கத்தில் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும், அதனால் துகள் இருட்டாகவே இருக்கும். மற்றொன்று கொழுப்பை வாங்கிக்கொள்ளும் துகள். 37 டிகிரியில் வைத்ததும் சிஇடிபி சாயம் பூட்டிய எஸ்டரை ஒவ்வொன்றாக அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நெருக்கம் விட்டுப்போக ஒளி வெளிப்படுகிறது. கருவி நிமிடத்துக்கு நிமிடம் அதை அளந்து கோடு வரைகிறது. சிஇடிபி போடாத குழியில் கோடு தரையோடு கிடக்கும். போட்ட குழியில் ஏறும். மருந்தாகக்கூடிய ஒரு மூலக்கூறையும் சேர்த்துப் போட்ட குழியில், அது நன்றாகத் தடுத்தால், மறுபடி தரைக்கு வந்துவிடும். முன்பு இதையே கதிரியக்கம் ஏற்றிய கொலஸ்டிரால் கொண்டு செய்தார்கள். இப்போது ஒரு மதியத்தில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் சோதித்துவிடலாம்.

இத்தனை பாடு எதற்கு? காரணம் ஜப்பானிலிருந்து வந்தது. கனசாவா பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி மபுச்சி, அகிஹிரோ இனாசு குழுவினர் ஹெச்டிஎல் வியப்பூட்டும் அளவு உயர்ந்த குடும்பங்களைக் கண்டிருந்தார்கள். டால் குழுவோடு சேர்ந்து 1989இல் காரணத்தைப் பிடித்தார்கள்: சிஇடிபி மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் செல் செய்தியைச் சரியாக வெட்டி ஒட்ட முடியவில்லை, புரதமே உருவாகவில்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களின் ஹெச்டிஎல் சராசரி டெசிலிட்டருக்கு 160 மில்லிகிராமைத் தாண்டியது. நம்மில் பலருக்கு 40 தொடுவதே கஷ்டம். எலிகளுக்கு இயற்கையிலேயே சிஇடிபி கிடையாது, அவற்றுக்கு ரத்தக்குழாய் அடைப்பும் எளிதில் வராது. முயலுக்கு சிஇடிபி அதிகம், அடைப்பும் சீக்கிரம் வரும். 1993இல் குரங்கின் சிஇடிபி மரபணுவை எலியில் புகுத்தியபோது அதன் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு கூடியது. எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதாகத் தோன்றியது: சிஇடிபியைத் தடு, ஹெச்டிஎல் ஏறும், மாரடைப்பு குறையும்.

அப்போதே ஒரு மாற்றுக் குரலும் இருந்தது. அகிதா மாகாணத்து ஓமகாரி பகுதியில் இதே மரபணு மாற்றம் பரவலாக இருந்தது. அங்கே ஆராய்ந்தவர்கள் 1997இல், அந்த மாற்றத்தால் ஹெச்டிஎல் உயர்ந்தவர்கள் நீண்ட ஆயுளோடு இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். மருந்துத் தொழிலின் வேகத்தில் அது அமுங்கிப்போனது. சிகரெட் விற்கும் ஜப்பான் டொபாக்கோ நிறுவனத்தின் மருந்துப் பிரிவு 2000இல் ஒரு தடுப்பானை முயல்களில் வெற்றிகரமாகச் சோதித்தது. பின்னாளில் ரோஷ் நிறுவனம் டால்செட்ரபிப் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது அதைத்தான். ஆனால் முந்திக்கொண்டு ஓடியது ஃபைசரின் டோர்செட்ரபிப்.

தட்டில் டோர்செட்ரபிப் அழகாக வேலை செய்தது. மனிதர்களிடமும் அப்படியே. 15,067 பேர் பங்கேற்ற சோதனையில் ஹெச்டிஎல் 72 சதவீதம் ஏறியது, எல்டிஎல் 25 சதவீதம் இறங்கியது. 2006 டிசம்பர் 2 அன்று சோதனையைத் திடீரென்று நிறுத்தினார்கள். மருந்து வாங்கியவர்களில் 82 பேர் இறந்திருந்தார்கள். வாங்காதவர்களில் 51 பேர். 80 கோடி டாலர் செலவான முயற்சி ஒரு நாளில் முடிந்தது. இரண்டே மாதத்தில், 2007 தொடக்கத்தில், அதே ஃபைசரின் கிராட்டன் ஆய்வகம் சிஇடிபியின் முழு வடிவத்தை வெளியிட்டது. படிகமாக்கச் சர்க்கரைக் கிளைகள் இடைஞ்சல் என்பதால், நான்கில் மூன்று இடங்களை மாற்றிய மறுசேர்க்கைப் புரதத்தைச் செய்திருந்தார்கள். வில்லாக வளைந்த நீண்ட உடல். உள்ளே 60 ஆங்ஸ்ட்ராம் நீளச் சுரங்கம். அதில் இரண்டு கொலஸ்டிரால் எஸ்டர்கள். இரு வாயிலும் அடைப்பாக ஒவ்வொரு பாஸ்ஃபோலிப்பிட். பிறகு 2012இல் டோர்செட்ரபிப் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே போய், இருந்த கொழுப்பைத் தள்ளிவிட்டு அமர்ந்திருப்பதையும் படமெடுத்தார்கள். கொழுப்பு அந்தச் சுரங்கம் முழுவதும் ஊர்ந்து போகிறதா, இல்லை சிஇடிபி ஒரு துகளிடமிருந்து இன்னொன்றுக்கு நீந்திப் போய்க் கொடுக்கிறதா என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை தொடர்கிறது.

அப்படியென்றால் குப்பி பொய் சொன்னதா? இல்லை. டோர்செட்ரபிப் சிஇடிபியைத் தடுக்கும் என்று அது சொன்னது, தடுத்தது. மரணம் வேறு வாசல் வழியாக வந்தது. மருந்து எடுத்தவர்களின் ரத்த அழுத்தம் சராசரியாக 5 புள்ளிகளுக்கு மேல் ஏறியிருந்தது, அட்ரீனல் சுரப்பியில் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் கூடியிருந்தது. 2008இல் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் இதற்கும் சிஇடிபிக்கும் சம்பந்தமில்லை என்று காட்டிய விதம் எளிமையானது, கூர்மையானது: சிஇடிபியே இல்லாத எலிகளுக்கு டோர்செட்ரபிப் கொடுத்தார்கள், அவற்றுக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. மற்றப் பொருள்கள் அனைத்தையும் விலக்கித் தூய்மையாக்கியதால்தான் குப்பி அத்தனை துல்லியமாகப் பேசுகிறது. அதே காரணத்தால்தான் அட்ரீனல் சுரப்பியில் என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியாது. 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற லேபிளைச் சட்டத்துக்காக ஒட்டுகிறார்கள். அறிவியலாகவும் அது சரியான எச்சரிக்கை.

அடுத்த தடுப்பான்கள் எல்லாம் அட்ரீனல் செல்களிலும் சோதிக்கப்பட்டன. அந்த விஷம் இல்லை. ஆனால் வெற்றியும் இல்லை. டால்செட்ரபிப் சோதனை 2012இல் பயனில்லை என்று நின்றது. எலி லில்லியின் எவாசெட்ரபிப் ஹெச்டிஎல்லை இரட்டிப்புக்கும் மேலாக்கியும் மாரடைப்பைக் குறைக்கவில்லை. 2015இல் அதுவும் நின்றது. 2017இல் 30,449 பேரிடம் நான்கு ஆண்டுகள் நடந்த சோதனையில் மெர்க்கின் அனாசெட்ரபிப் பெரிய இதயப் பாதிப்புகளை 9 சதவீதம் குறைத்தது. பலன் சிறியது, மருந்தோ கொழுப்புத் திசுவில் ஆண்டுக்கணக்கில் தேங்கியது. மெர்க் அனுமதி கேட்காமலே விட்டுவிட்டது.

அந்த 9 சதவீதத்தில்தான் விடை இருந்தது. ஹெச்டிஎல் எவ்வளவு ஏறியது என்பதோடு அது பொருந்தவில்லை. எல்டிஎல் உள்ளிட்ட துகள்கள் எவ்வளவு குறைந்தன என்பதோடு பொருந்தியது. ஹெச்டிஎல்லை மட்டும் உயர்த்தும் ஒரு மரபணு மாற்றம் மாரடைப்பிலிருந்து காப்பதில்லை என்று 2012இல் லான்செட்டில் வெளியான பெரிய மரபணு ஆய்வும் சொல்லியிருந்தது. ஓமகாரியின் குரலுக்கு இப்போது மதிப்புக் கூடியது. இன்று களத்தில் இருக்கும் ஒபிசெட்ரபிப் எல்டிஎல்லைக் குறைக்கும் மாத்திரையாகவே சோதிக்கப்படுகிறது. 2025இல் வெளியான முடிவில் ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களிடமும் அது எல்டிஎல்லை மேலும் சுமார் 33 சதவீதம் இறக்கியது. மாரடைப்பைத் தடுக்குமா என்பதைத் தனியே ஒரு பெரிய சோதனைதான் சொல்ல வேண்டும்.

1987இல் படித்த அந்த 476 அமினோ அமிலங்களில் ஒன்றும் மாறவில்லை. இன்றைய குப்பியிலும் அதே வரிசை, அதே வேலை. அதைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகள் மாறின, கூடவே அவற்றுக்கான விலையும் தெளிவாயிற்று. ஒரு மூலக்கூறு சிஇடிபியைத் தடுக்குமா என்று கேட்டால் 10 மைக்ரோகிராம் புரதமும் ஒரு தட்டும் பதில் சொல்லும். வேறு எதையெல்லாம் தொடும் என்று கேட்டால் அட்ரீனல் செல்களும், சிஇடிபி இல்லாத எலிகளும் வேண்டும். அதனால் ஒருவர் கூடுதலாக வாழ்வாரா என்று கேட்டால் பல்லாயிரம் பேர் பல ஆண்டுகள் தங்கள் உடம்பைத் தர வேண்டியிருக்கிறது. முதல் பதிலை மூன்றாவது பதிலாக எடுத்துக்கொண்டதன் கணக்கு, 82க்கும் 51க்கும் இடையிலுள்ள அந்த 31 பேர்.